ஒட்டிய நிரல் ஏன் கோணுகிறது?

இணையத்தில் கிடைத்த பத்து வரி நிரல். அங்கே பார்க்கும்போது அழகாக அடுக்கியிருக்கிறது. காப்பி செய்து எடிட்டரில் பேஸ்ட் செய்ததும் முதல் வரி இடது ஓரத்தில் நிற்கிறது. இரண்டாவது கொஞ்சம் தள்ளி நிற்கிறது, மூன்றாவது இன்னும் தள்ளி. கடைசி வரி திரையின் வலது பக்கத்துக்கே போய்விட்டது. ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை. நிரல் மட்டும் படிக்கட்டாகிவிட்டது.

கோடிங் கற்கத் தொடங்கிய சில நாட்களிலேயே பலருக்கு இது நடந்துவிடுகிறது. நடந்ததும் பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். ஏதோ தப்பான பட்டனை அழுத்திவிட்டோம், நமக்கு இது வராது என்று நினைக்கிறார்கள். இதில் கற்பவரின் பிழை எதுவும் இல்லை. எடிட்டர் உதவி செய்யப்போய் நேர்ந்த கோணல் இது. காரணம் தெரிந்தால் ஒரு நிமிடத்தில் சரிசெய்யலாம். தெரியாமல் கையால் சரிசெய்ய உட்கார்ந்தால்தான் ஆபத்து.

நிரலில் ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட வரிகளையும், திரும்பத் திரும்ப ஓடும் சுற்றுக்குள் வரும் வரிகளையும் சற்று உள்ளே தள்ளி எழுதுவது வழக்கம். பாடப்புத்தகத்தில் இதை உள்தள்ளல் என்பார்கள். அலுவலகத்தில் எல்லோர் வாயிலும் இன்டென்ட்தான். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை நெளிவு அடைப்புக்குறிகள் சொல்லிவிடும். அங்கே இன்டென்ட் படிக்கிற மனிதருக்காக மட்டுமே. கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாது. பைத்தானில் கதையே வேறு. அங்கே அடைப்புக்குறி இல்லை, இடைவெளிதான் இலக்கணம். ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் உருவான ஏபிசி என்ற மொழியிலிருந்து இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டார் பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ரோசம். 1991இல் பைத்தான் முதன்முதலாக வெளிவந்தபோதே அது இப்படித்தான் இருந்தது. அதற்கும் முன்பே, 1966இல், பீட்டர் லேண்டின் என்ற பிரிட்டிஷ் கணினி அறிஞர் இந்த யோசனையைத் தன் ஆய்வுக்கட்டுரையில் எழுதிவைத்திருந்தார்.

இனி எடிட்டருக்கு வருவோம். பெர்க்லியில் பில் ஜாய் 1976இல் எழுதத் தொடங்கிய விஐ எடிட்டர், நொடிக்கு 300 பிட் வேகத்தில் ஊர்ந்த மோடம் இணைப்புகளின் காலத்தில் வளர்ந்தது. ஒரு விசையை மிச்சப்படுத்தினாலும் லாபம்தான். அந்த எடிட்டரில் இருந்த வசதிகளில் ஒன்று ஆட்டோ இன்டென்ட். என்டர் தட்டியதும், முந்தைய வரி எத்தனை இடம் தள்ளி இருந்ததோ அத்தனை இடத்தைப் புதிய வரிக்கும் எடிட்டரே போட்டுவிடும். கையால் தட்டுகிறவருக்கு இது பெரிய உதவி. நிரல் எழுதப் பயன்படும் இன்றைய எடிட்டர்கள் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு வடிவில் இந்த வசதி இருக்கிறது.

ஒட்டுகிறவருக்கு அதுவே தொல்லை. விஐ, விம் போன்றவை டெர்மினலுக்குள் ஓடும் எடிட்டர்கள். மௌஸால் எதையாவது ஒட்டினால், டெர்மினல் அதை ஒவ்வோர் எழுத்தாக எடிட்டருக்கு அனுப்பும். விரலால் தட்டினாலும் இதே எழுத்துகள், இதே வழியில்தான் வரும். அனுப்புவது விரலா கிளிப்போர்டா என்று எடிட்டரால் பிரித்தறிய முடியாது. அசுர வேகத்தில் தட்டுகிற ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதாகவே அது எடுத்துக்கொள்கிறது.

ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்க்கலாம். ஐந்து வரி நிரல். முதல் வரி ஓரத்தில், அதாவது 0 இடம் தள்ளி. அடுத்த மூன்றும் 4 இடம் தள்ளி. கடைசி வரி மறுபடி 0. ஆட்டோ இன்டென்ட் இயங்கும்போது இதை ஒட்டினால் முதல் வரி சரியாக 0இல் விழுகிறது. இரண்டாவது வரி தன்னுடைய 4 இடத்தோடு வருகிறது. முந்தைய வரி 0 என்பதால் எடிட்டர் எதையும் சேர்க்கவில்லை. மூன்றாவது வரிக்கு முன் என்டர் வந்ததும் எடிட்டர் தன் பங்குக்கு 4 இடம் போடுகிறது. அதன்மேல் ஒட்டியதன் சொந்த 4 இடம் சேர்ந்து 8 ஆகிறது. நான்காவது வரிக்கு எடிட்டர் 8 போட, மேலும் 4 சேர்ந்து 12. ஐந்தாவது வரி ஓரத்தில் நிற்க வேண்டியது. அதற்கென்று சொந்த இடைவெளி கிடையாது. ஆனாலும் எடிட்டர் கொடுத்த 12 அதன்மேல் ஏறிவிட்டதால் அதுவும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஏற்கெனவே ஓரம் மடித்துத் தைத்த துணியை இன்னொரு தையற்காரர் வாங்கி மறுபடி மடிப்பது போலத்தான். புத்திசாலித்தனம் கூடிய எடிட்டராக இருந்தால், வரியின் கடைசியில் முக்காற்புள்ளியைக் கண்டதும் கூடுதலாக ஒரு படி உள்ளே தள்ளும்; படிக்கட்டு இன்னும் செங்குத்தாகும்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. சி நிரல்களில் இரண்டு சாய்கோடு போட்டு எழுதும் வரி வெறும் குறிப்பு, அதாவது கமென்ட். கமென்ட் எழுதிக்கொண்டிருக்கும்போது என்டர் தட்டினால் அடுத்த வரியின் தலையிலும் விம் தானாக இரண்டு சாய்கோடு போடும். நீளமாகக் குறிப்பு எழுதுகிறவருக்கு வசதிதான். அதே விம்மில் இடையில் ஒரு கமென்ட் வரி உள்ள நிரலை ஒட்டினால், அந்த வரிக்குக் கீழே உள்ள நிரல் முழுவதும் கமென்டாக மாறிவிடும். பார்ப்பதற்கு எல்லா வரியும் இருக்கும். ஓடுவதற்கு ஒன்றும் இருக்காது.

நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்டு, 2023இல் மறையும்வரை பேணிவந்த எடிட்டர் விம். ஒட்டும் தொல்லைக்கு அதில் நெடுங்காலமாக இருந்துவரும் மருந்து, முக்காற்புள்ளி தட்டி ‘செட் பேஸ்ட்’ என்று கட்டளையிடுவது. உடனே விம் தன் உபகாரங்களையெல்லாம் நிறுத்திவைக்கும். கீழ்வரியில் இன்சர்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பேஸ்ட் என்றும் தெரியும். ஒட்டி முடித்ததும் ‘செட் நோபேஸ்ட்’ தட்டியே ஆக வேண்டும். பலர் மறப்பது இந்த இரண்டாவது பாதியைத்தான். மறந்தால் ஆட்டோ இன்டென்ட் வராது, சுருக்கெழுத்துகள் விரியாது, சொந்தமாக அமைத்துவைத்த குறுக்குவிசைகள் வேலை செய்யாது. எடிட்டரே கெட்டுப்போனது போலத் தோன்றும்.

நிலையான தீர்வு டெர்மினல் பக்கத்திலிருந்து வந்தது. ஒட்டப்படுகிற உரைக்கு முன்னும் பின்னும் ஓர் அடையாளம் வைத்துவிடலாம் என்று எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலில் ஏற்பாடு செய்தார்கள். எஸ்கேப் எழுத்தோடு 200 என்ற எண் வந்தால் ஒட்டல் தொடங்குகிறது, 201 வந்தால் முடிந்தது என்று பொருள். இடையில் வருவதை எடிட்டர் அப்படியே வைத்துக்கொள்ளும், எதையும் சேர்க்காது. பிராக்கெட்டட் பேஸ்ட் என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். விம் தன் 8ஆம் பதிப்பு வரிசையில் இதைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது. 2016இல் வந்த ஈமேக்ஸ் எடிட்டரின் 25ஆம் பதிப்பும் அப்படியே. லினக்ஸில் கட்டளைகள் தட்டும் பேஷ் ஷெல்லின் 5.1 பதிப்பு, 2020 டிசம்பரில், கேட்காமலேயே இதை இயக்கிவைத்தது. ஷெல்லில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய கட்டளையின் கடைசியில் என்டர் ஒளிந்திருந்தாலும் அது உடனே ஓடிவிடாது. படித்துப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் இந்த அடையாளமே திரையில் கொட்டிவிடும். ஒட்டிய கட்டளைக்கு முன்னால் 200 என்ற எண்ணும் ஓர் அலைக்கோடும் காரணமில்லாமல் நிற்பதைப் பழைய சர்வர்களில் வேலை பார்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடங்களில் எடிட்டரையே ஒதுக்கிவிடுவது பழைய கைகளின் வழக்கம். ‘கேட்’ கட்டளையைக் கோப்பின் பெயரை நோக்கித் திருப்பிவிட்டு, நிரலை ஒட்டி, என்டர் தட்டி, கன்ட்ரோல் டி அழுத்தினால் வேலை முடிந்தது. ‘கேட்’ எதையும் திருத்தாது. வந்ததை வந்தபடி கோப்பில் எழுதிவிடும்.

விஎஸ் கோட் போல ஜன்னலில் திறக்கும் எடிட்டர்களில் படிக்கட்டு வருவதில்லை. ஒட்டுகிறார்கள் என்பது அவற்றுக்குத் தெரியும். அங்கே கோணல் வேறு வழியாக வருகிறது.

மௌஸால் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் முதல் வரியின் முதல் எழுத்திலிருந்து இழுப்பார்கள். அந்த எழுத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம் தேர்வில் சேராது. மூன்று வரி நிரல் ஒன்று மூலத்தில் 8, 12, 8 என்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காப்பியில் வருவது 0, 12, 8. புதிய கோப்பில் 4 இடம் தள்ளிக் கர்சரை வைத்து ஒட்டினால் 4, 12, 8. வந்திருக்க வேண்டியது 4, 8, 4. முதல் வரி ‘இஃப்’, இரண்டாவது அதற்குள் அடங்கியது, மூன்றாவது வெளியே வருவது என்றால், பைத்தான் மூன்றாவது வரியில் நின்றுவிடும். 8 என்ற ஆழம் அதற்கு முன்னால் எங்குமே திறக்கப்படவில்லை. இந்த வரி எதோடு சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. முதல் வரியின் இடது ஓரத்திலிருந்தே தேர்ந்தெடுப்பதும், ஒட்டும் இடத்திலும் கர்சரை ஓரத்தில் வைத்து ஒட்டுவதும்தான் இதற்கு வழி. பிறகு ஒட்டியதை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டேப் அழுத்தினால் எல்லாம் சேர்ந்து உள்ளே போகும். ஷிஃப்டோடு டேப் அழுத்தினால் சேர்ந்து வெளியே வரும். வரிகளுக்கிடையே உள்ள உறவு மாறாது. காப்பாற்ற வேண்டியது அந்த உறவைத்தான்.

கோணல் வரும் இன்னொரு வழி ஸ்னிப்பெட். இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி டேப் அழுத்தினால் முழுச் சுற்றோ செயற்கூறோ விரியும் வசதி இது. 2004இல் மேக் கணினிகளுக்கு வந்த டெக்ஸ்ட்மேட் இதைப் பிரபலமாக்கியது; மற்ற எடிட்டர்கள் பின்தொடர்ந்தன. ஸ்னிப்பெட்டை எழுதியவர் தன் வார்ப்புருவில் டேப் வைத்திருப்பார். பயன்படுத்துகிறவர் கோப்பில் நான்கு ஸ்பேஸ் இருக்கும். வார்ப்புரு 0இலிருந்து எழுதப்பட்டது. விரியும் இடமோ 8இல் இருக்கலாம். ஆகவே முதல் வரியைத் தவிர மற்ற ஒவ்வொரு வரிக்கும் எடிட்டர் அந்த 8ஐச் சேர்க்க வேண்டும், டேப்பையும் ஸ்பேஸாக மாற்ற வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2016இல் முன்வைத்த லாங்குவேஜ் சர்வர் முறையில் குழப்பம் ஒரு படி ஏறியது. அந்த முறையில் ஸ்னிப்பெட்டை அனுப்புவது ஒரு நிரல், செருகுவது இன்னொரு நிரல். அனுப்புகிறவரும் இடம் சேர்த்து, செருகுகிறவரும் சேர்த்தால் இரட்டிப்பாகும்; இருவரும் விட்டுவிட்டால் எல்லாம் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த முறையின் 3.16 பதிப்பில்தான் இதற்கென்று ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள். வந்தபடியே வைக்கவும் என்றோ, இடத்துக்கு ஏற்பச் சரிசெய்யவும் என்றோ அனுப்புகிறவர் வெளிப்படையாகச் சொல்லலாம்.

டேப்பா, ஸ்பேஸா என்பது தனிப் பஞ்சாயத்து. ஒரு டேப் எத்தனை இடம் என்பதை எடிட்டர்தான் முடிவு செய்கிறது. லினக்ஸ் கெர்னலின் எழுத்துமுறையில் அது 8 இடம். பலரும் 4 என்று வைத்துக்கொள்கிறார்கள். டேப்பும் ஸ்பேஸும் கலந்த கோப்பு 4 என்ற அமைப்பில் நேராகவும் 8 என்ற அமைப்பில் கோணலாகவும் தெரியும். பைத்தான் 2 டேப்பை எட்டின் மடங்காக எடுத்துக்கொண்டது. அதனால் கண்ணுக்கு ஒரே நேரில் தெரிந்த இரண்டு வரிகள் இயந்திரத்துக்கு வெவ்வேறு ஆழத்தில் இருந்தன. பைத்தான் 3 இப்படிக் கலப்பதையே ஏற்பதில்லை. டேப் பிழை என்று சொல்லி நின்றுவிடும். அது நல்ல முடிவு. டிப்ளாய்மென்ட் அமைப்புகள் எழுதப் பயன்படும் யாமல் கோப்புகளில் இன்டென்டுக்கு டேப் வைப்பதற்கே தடை. மேக் என்ற கருவி படிக்கும் மேக்ஃபைலில் நேர் எதிர். அங்கே கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். பெல் லேப்ஸில் 1976இல் மேக் கருவியை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், இந்த விதி சரியில்லை என்று உணர்ந்தபோது ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய வேலையைக் கெடுக்க மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டார். இன்றுவரை, இணையத்திலிருந்து ஒட்டிய மேக்ஃபைலில் டேப் இருந்த இடத்தில் எட்டு ஸ்பேஸ் உட்கார்ந்துகொண்டு பிரிப்பான் இல்லை என்ற பிழையைத் தருகிறது. கண்ணால் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. விம்மில் ‘செட் லிஸ்ட்’ தட்டினால் டேப் இருக்கும் இடங்கள் தனிக்குறியோடு வெளியே தெரியும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை சத்தம் போடும் பிழைகள். பிழைச் செய்தி வருகிறது, நிரல் ஓட மறுக்கிறது, ஆள் திருத்துகிறார். உண்மையில் கவலைப்பட வேண்டியது சத்தம் போடாத பிழைக்குத்தான்.

மாணவரின் மதிப்பெண்களைக் கூட்டித் தரும் ஒரு சின்ன பைத்தான் செயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் பூஜ்யம் என்று தொடங்குகிறது. ஒரு ‘ஃபார்’ சுற்று ஒவ்வொரு மதிப்பெண்ணாக எடுத்துச் சேர்க்கிறது. கடைசியில் ‘ரிட்டர்ன்’ வரி மொத்தத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த ‘ரிட்டர்ன்’ 4 இடம் தள்ளி, சுற்றுக்கு வெளியே இருந்தால் 40, 50, 60 என்ற மதிப்பெண்களுக்கு 150 வரும். அதே வரி 8 இடத்துக்குப் போய்ச் சுற்றுக்குள் விழுந்துவிட்டால், முதல் மதிப்பெண்ணைச் சேர்த்தவுடனேயே செயற்கூறு முடிந்து 40 வரும். இரண்டும் பைத்தான் இலக்கணப்படி சரி. பிழைச் செய்தியே வராது. படிக்கட்டான நிரலை ஒருவர் வரிவரியாக ஸ்பேஸ் அழித்து நேராக்கும்போது, இந்த வரி உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்று கண்மதிப்பில் முடிவு செய்கிறார். சத்தமில்லாத பிழை நுழையும் வாசல் அதுதான்.

அடைப்புக்குறி உள்ள மொழியில் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 7.0.6 என்ற அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் சி நிரலில், ஓர் ‘இஃப்’ நிபந்தனைக்குக் கீழே ‘கோட்டூ ஃபெயில்’ என்ற வரி இரண்டு முறை இருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளி நின்றன. அடைப்புக்குறி போடாததால் முதல் வரி மட்டுமே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் ஓடி, கையொப்பத்தைச் சரிபார்க்கும் கடைசிக் கட்டத்தைத் தாண்டிச் சென்றது. போலித் தளமும் உண்மைத் தளமாகத் தேறிவிடக்கூடிய ஓட்டை அது. இன்டென்ட் சொன்னது ஒன்று, கம்பைலர் புரிந்துகொண்டது வேறொன்று. இரண்டு வருடம் கழித்து, 2016இல் வெளிவந்த ஜிசிசி 6 கம்பைலரில், தோற்றம் ஏமாற்றும் இன்டென்டைக் கண்டால் எச்சரிக்கும் வசதி வந்தது.

ஆகவே கோணலான நிரலைச் சரிசெய்யும் முன் அது எந்த வகை மொழி என்று பார்ப்பது முக்கியம். அடைப்புக்குறி உள்ள மொழி என்றால் ஃபார்மேட் கருவியிடம் தைரியமாகக் கொடுத்துவிடலாம். கோ மொழிக்கு ‘கோஃபம்ட்’ இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரெட்டியர் இருக்கிறது. எவ்வளவு சிதைந்திருந்தாலும் அடைப்புக்குறியைப் பார்த்து அடுக்கிவிடும். விம்மிலேயே சமக்குறிக் கட்டளை அதைச் செய்யும். பைத்தானில் இந்த வழி கிடையாது. 2018இல் வந்த பிளாக் என்ற கருவி முதலில் நிரலை இலக்கணப்படி படிக்கப் பார்க்கும். படிக்க முடியாவிட்டால் தொடாமலே விட்டுவிடும். படிக்க முடிந்தால், மாற்றிய பிறகும் பொருள் அதேதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். அதாவது இருக்கும் பொருளைத்தான் காக்கும். தொலைந்த பொருளை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. பைத்தானிலும் யாமலிலும் கோணல் விழுந்தால் அன்டூ செய்துவிட்டு, மூலத்திலிருந்து மறுபடி சரியாக ஒட்டுவதே பாதுகாப்பு.

மூலமே கெட்டிருந்தால் இந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. பாடநூல் பிடிஎஃப் ஆகவும் கிடைக்கிறது. பிடிஎஃப் கோப்பு ஒவ்வோர் எழுத்தும் பக்கத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் பதிந்துவைக்கும். வரியின் முன்னால் இத்தனை ஸ்பேஸ் என்ற கணக்கு அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதிலிருந்து காப்பி செய்தால் இன்டென்ட் முழுவதும் உதிர்ந்துபோய் எல்லா வரியும் ஓரத்தில் வந்து நிற்கலாம். இணையப் பக்கத்திலும், நிரலுக்கான தனிக்குறியீட்டுக்குள் வைக்காமல் சாதாரணப் பத்தியாகப் போட்டிருந்தால், அடுத்தடுத்து வரும் ஸ்பேஸ்களை பிரவுசர் ஒன்றாகச் சுருக்கிவிடும். சில பக்கங்களில் ஸ்பேஸ் போலவே தோன்றும் வேறொரு எழுத்து, உடையா இடைவெளி, உட்கார்ந்திருக்கும். புதிய பைத்தான் பதிப்புகள் அதைக் கண்டால் அதன் யூனிகோடு எண்ணோடு காட்டிக்கொடுக்கின்றன. வேர்டு கோப்பு வழியாக நிரலை அனுப்பினால் நேர் மேற்கோள்குறிகள் வளைந்த குறிகளாகிவிடும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். மாணவர்களுக்கு நிரல் கொடுக்கிற ஆசிரியர்கள் பிடிஎஃபோ வேர்டோ தவிர்த்து, சாதாரண உரைக் கோப்பாகவே கொடுத்துவிடலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆய்வக நேரத்தில் பாதி மிச்சமாகும்.

பைத்தானை வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் ஊடாட்டத் திரையிலும் ஒட்டுகிறவர்கள் நெடுநாள் அவதிப்பட்டார்கள். செயற்கூற்றுக்கு நடுவில் படிக்க வசதியாக விட்ட ஒரு வெற்று வரியைக் கண்டதும், செயற்கூறு முடிந்துவிட்டது என்று அந்தத் திரை எடுத்துக்கொள்ளும். மீதி வரிகள் இன்டென்ட் பிழையாகக் கொட்டும். 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13இன் புதிய திரையில் எஃப்3 விசையை அழுத்தினால் ஒட்டுவதற்கென்றே ஒரு நிலை திறக்கிறது. வெற்று வரிகள் அதில் தொல்லை செய்யாது. பழைய பதிப்போடு வேலை பார்க்கிறவர்களுக்கு ஐபைத்தான் இருக்கிறது. அதில் சதவீதக்குறியோடு ‘சிபேஸ்ட்’ என்று தட்டி, நிரலை ஒட்டி, தனி வரியில் இரண்டு ஹைபன் போட்டால் போதும்.